அடுப்பங்கரைக்கு வெளியே ஓர் அடுப்பு

திருத்தலங்களில் திருவிழா நாட்களில் சென்று தங்கும் குடும்பங்களைக் கண்டோர்க்கு இக்காட்சி புதிதன்று. உவரியிலோ, புளியம்பட்டியிலோ, வேளாங்கண்ணியிலோ, கோயிலைச் சுற்றியுள்ள மணலிலும் மர நிழலிலும் நான்கு கம்புகளை நட்டு, தார்ப்பாயையோ பழைய சேலையையோ மேலே கட்டி, கீழே பாயை விரித்து, மூட்டை முடிச்சுகளை ஓரமாக அடுக்கி, அரை மணி நேரத்திற்குள் ஒரு வீட்டையே உண்டாக்கி விடுகின்றனர் நம் மக்கள். மூன்று கற்களைக் கூட்டினால் அடுக்களையும் ஆயிற்று. மேனாட்டார் இதனைக் 'கேம்பிங்' என்பர். அதற்கெனக் கூடாரம், மடக்கு நாற்காலி, மடக்கு மேசை, இரும்பாலான தணல் அடுப்பு என ஒரு வண்டிச் சாமான்களை விலை கொடுத்து வாங்குவர். நம்மவர்க்கு அது பாட்டன் காலத்து வழக்கம். அதற்கெனத் தனிப் பெயர் ஒன்று கூடத் தேவைப்படவில்லை.

ஆனால் அந்த மூன்று கற்களின் முன்னே அமர்ந்திருப்பவர் யார் என்று சற்று உற்று நோக்குதல் வேண்டும். காலையில் உப்புமா, நண்பகலில் சோறும் சாம்பாரும், மாலையில் காப்பி, இரவில் மீண்டும் சோறு. இடையே ஊரிலிருந்து வந்த உறவினர் நால்வர்க்கு மீண்டும் ஓர் உலை. வீட்டில் எரிவாயு அடுப்பில் நின்றுகொண்டு செய்ததை இங்கே குத்தவைத்துச் செய்கின்றார் தாய், வேறுபாடு அவ்வளவே. சில ஆண்டுகளுக்கு முன், பத்து நாள் திருவிழாவுக்குச் சென்று திரும்பிய அறுபது வயதுத் தாய் ஒருவரைக் கண்டு, "திருவிழா நல்லா நடந்ததா அம்மா?" என வினவினோம். "எல்லாரும் நல்லா நடந்ததுன்னுதான் சாமி சொல்லுதாங்க" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார். பத்து நாளும் தேரையும் சப்பரத்தையும் அவர் செவிவழியாகவே அறிந்திருக்கின்றார்.

ஆதலின் இங்கே நாம் தரும் செய்முறைகள் இல்லத்தரசியர்க்காக எழுதப்பட்டவை அல்ல. அவர்களுள் எவரேனும் இதனைப் படிக்க நேரின், இப்பக்கத்தை மடித்துத் தம் கணவர் கையிலோ, வளர்ந்த மகன் கையிலோ கொடுத்துவிட்டுப் பாயில் சற்றுச் சாய்ந்திருக்கும்படி கேட்டுக்கொள்கின்றோம். திருவிழாத் தங்கலில் ஒரு மாலை. கோடை விடுமுறையில் வீட்டுக் கொல்லையில் இரண்டொரு மாலை. அம்மாலைகளில் அடுப்பு ஆடவர்க்கும் பிள்ளைகளுக்கும் உரியது. குழம்புக்குப் புளி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அறியாதவர் கூடத் தணலில் சுட்டுவிடலாம். அதற்குக் கைப்பக்குவத்தை விடப் பொறுமையே பெரிதும் வேண்டும்.

விறகடுப்பின் பெருமையைப் பாடுவோர் பெரும்பாலும் அதனை ஊதியவர் அல்லர். சாளரமில்லாத சமையலறையில் புகையைத் தின்று, கண் சிவந்து, நெஞ்சு இளைத்த தாய்மார் எத்தனையோ பேர். இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவாயு அடுப்பு இருப்பதும், 2016ஆம் ஆண்டு தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்கும் அதனைக் கொண்டு சேர்க்க முற்பட்டதும் நன்மையே. அக்காலத்தை மீண்டும் அழைப்பது நம் நோக்கமன்று. நாம் கூறுவது காற்றோட்டமான திறந்த வெளியில், எப்பொழுதாவது ஒரு நாள், விருப்பத்தோடு மூட்டும் நெருப்பை மட்டுமே.

தீ வேறு, தணல் வேறு

முதன்முறையாக இவ்வடுப்பின் முன் நிற்கும் ஆடவர் பலரும் செய்வது ஒன்றே. விறகைக் குவிப்பர், சுவாலை இடுப்பளவு எழும், உடனே பெருமிதத்தோடு மீனை அதன்மேல் பிடிப்பர். தோல் கரியாகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பிறகு, "இதெல்லாம் நமக்கு ஒத்து வராது" என்று கூறி, மனைவியை அழைப்பர். சுவாலை கருக்குமேயன்றிச் சுடாது. விறகு எரிந்து அடங்கி, கட்டைகள் செக்கச் சிவந்து, அவற்றின் மேல் வெண்சாம்பல் மெல்லப் போர்த்திய பின்னரே உணவு அருகில் செல்லுதல் வேண்டும். அதற்கு முப்பது முதல் நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை பிள்ளைகளோடு பேசிக் கொண்டிருக்கலாம். அதுவும் இச்சமையலின் ஒரு பகுதியே.

சூட்டினை அறிய ஒரு வழி உண்டு. உள்ளங்கையைத் தணலுக்கு ஒரு சாண் மேலே நீட்டி, நிதானமாக ஒன்று, இரண்டு என எண்ணுக. மூன்று எண்ணுமுன் கை தானே பின்வாங்கினால் கடுஞ்சூடு. ஐந்து ஆறு வரை தாங்கினால் நடுத்தரச் சூடு; மீனுக்கும் கோழிக்கும் இதுவே ஏற்றது. எட்டுப் பத்து வரை தாங்கினால் இளஞ்சூடு; பழத்திற்கும் இனிப்புக்கும் உரியது. தணல் முழுவதையும் ஒரே சீராகப் பரப்பாமல், ஒரு பக்கம் குவித்தும் மறுபக்கம் மெல்லிதாகவும் பரப்பி வைத்தால், கருகத் தொடங்கும் பண்டத்தை நகர்த்தி வைக்க இடம் கிடைக்கும்.

தென்மாவட்டங்களில் சீமைக் கருவேல விறகுக்குப் பஞ்சமில்லை. நிலத்தைக் கெடுத்த மரமென்று அதனை ஏசாதவர் இல்லை. தணலைப் பொறுத்தமட்டில் ஏச இடமில்லை. புளிய விறகும் நன்று. தேங்காய்ச் சிரட்டை, அதாவது வடமாவட்டத்தார் கொட்டாங்குச்சி என்பது, விரைவில் பற்றிக் கடுஞ்சூடு தந்து விரைவிலேயே ஓய்ந்துவிடும், நேரமில்லாதவர்க்கு உகந்தது. பனை ஓலையும் காய்ந்த தென்னம்பாளையும் பற்ற வைப்பதற்கு மட்டும் போதும். வண்ணம் பூசிய பலகையும், ஒட்டுப் பலகையும் ஆகா. அவற்றின் புகை நஞ்சு. அரளிக் கொம்பை விறகாகவும் பயன்படுத்தலாகாது, உணவைக் குத்திச் சுடும் குச்சியாகவும் பயன்படுத்தலாகாது. மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி மூட்டுவோரைப் பற்றி எழுதவே அச்சமாயிருக்கின்றது. அந்த நெருப்பு ஊற்றுகின்ற கையைத் தேடி வரும்.

இரண்டு வரிசை செங்கற்களும், அவற்றின் மேல் ஓர் எவர்சில்வர் கம்பித் தட்டும் இருந்தால் போதும். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் வெள்ளைக் கம்பி வலையைச் சிலர் வெட்டி வைக்கின்றனர். அதன்மேல் பூசிய துத்தநாகம் கடுஞ்சூட்டில் நச்சுப் புகையாகும். அதனைத் தவிர்த்தல் நலம். கடற்கரையில் காற்று அலைக்கழிக்குமாதலால், ஒரு முழ ஆழம் குழி தோண்டி அதனுள் தணலை வைப்பது நம் மீனவ மக்கள் அறிந்த முறையே. மேலே ஒரு மூடி இருந்தால் இன்னும் சிறப்பு. இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. 1952ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர், காற்றும் சாம்பலும் தம் கொல்லைச் சமையலைக் கெடுப்பதைக் கண்டு சலித்து, தாம் பணிபுரிந்த வெபர் இரும்புப் பட்டறையில் கடல் மிதவைக்காகச் செய்த உலோகக் கோளத்தை எடுத்து, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேற்பாதியை மூடியாகவும் ஆக்கினார். அந்நாட்டு வீடுகளின் கொல்லையில் இன்று நிற்கும் உருண்டை அடுப்பு அவ்வாறு பிறந்ததே. மிதவையைத் தேடி நாம் போக வேண்டியதில்லை. கவிழ்த்த பெரிய மண்சட்டி அவ்வேலையைச் செய்யும்.

ஒரே நெருப்பில் ஒரு முழு உணவு

தணலுக்கும் இளமை, முதுமை உண்டு. இதனை அறிந்து கொண்டால் ஒரே நெருப்பில் அடுத்தடுத்து ஐந்தாறு பண்டங்களைச் செய்து முடிக்கலாம். சுவாலை எழும் பொழுதே வேலை தொடங்குவோர்க்குச் சில பண்டங்கள் உண்டு. கத்தரிக்காயும் தேங்காயும் அவ்வகையின. பெரிய கத்தரிக்காயில் எண்ணெய் தடவி, நான்கிடத்தில் குத்தி, சுவாலையிலேயே திருப்பித் திருப்பித் தோல் முற்றும் கருகும்வரை சுடுக. தோலை உரித்து, உள்ளிருப்பதைப் பிசைந்து, அரிந்த சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, சிறிது புளிக்கரைசல், பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி சேர்த்தால் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். தேங்காயைச் சிரட்டையோடு பெரிய துண்டுகளாக நெருப்பில் காட்டி, அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்ததும் எடுத்து, சுட்ட வற்றல் மிளகாய் ஐந்து, சின்ன வெங்காயம் நான்கு, நெல்லிக்காயளவு புளி, உப்பு ஆகியவற்றோடு கரகரப்பாக அரைத்துக் கொள்ளலாம். கஞ்சிக்கு இத்துவையலை மிஞ்சிய துணை இல்லை என்பது நம் முடிபு. கருவாடு என்று வாதிடுவோரும் உளர்.

சுவாலை அடங்கித் தணல் உருவானவுடன் முதலில் இடவேண்டியது சர்க்கரைவள்ளிக் கிழங்கு. நெல்லைச் சீமையில் சீனிக்கிழங்கு என்போம். மணிக்கட்டுப் பருமனுள்ள கிழங்குகளைக் கழுவித் துடைத்து, தோலோடு, தணலின் ஓரத்தில் சூடான சாம்பலுக்குள் புதைத்துவிடுக. நாற்பது முதல் ஐம்பது நிமிடம் அதனை மறந்துவிடலாம். இடையில் ஒரு முறை புரட்டினால் போதும். ஈர்க்கு தடையின்றி உட்புகுமானால் வெந்தது என்று பொருள். வீட்டில் அவித்த கிழங்கை விடச் சுட்ட கிழங்கு இனிப்பதற்குக் காரணம் உண்டு. கிழங்கு மெதுவாகச் சூடேறும் பொழுது அதனுள்ளே இயல்பாக உள்ள நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றது; கொதிநீரில் விரைந்து வேகும் கிழங்கில் அதற்குப் போதிய அவகாசம் கிடைப்பதில்லை. சாம்பலைத் தட்டி, நீளவாக்கில் பிளந்து, ஒரு தேக்கரண்டி நெய்யும் பொடித்த கருப்பட்டியும் தூவி, சூடாகவே உண்ணக் கொடுங்கள். நேர்ச்சை காரணமாகத் திருவிழா முடியும்வரை புலால் விலக்கியிருப்போர்க்கு இது பெருவிருந்து. மரவள்ளிக் கிழங்கையும் சுடலாம்; ஆனால் கசக்காத வகையாகத் தேர்ந்து, உட்தோலையும் சேர்த்து நீக்கி, வாழையிலையில் சுற்றி, நன்கு வேகும்வரை சுடுதல் வேண்டும். கசக்கும் கிழங்கில் நஞ்சு உண்டு. ஒரு கடி கசந்தாலும் துப்பிவிடுவதே அறிவு.

மக்காச்சோளக் கதிரை உரித்துச் சுடுவது கடற்கரை வண்டிக்காரர் முறை. அதனினும் மேலான முறை ஒன்று உண்டு. கதிரின் மேலுறையைப் பிய்க்காமல் பின்னுக்கு மடக்கி, உள்ளிருக்கும் நாரை மட்டும் நீக்கி, மீண்டும் உறையை மூடி, கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் தணலில் இடுக. ஈர உறைக்குள் ஆவியிலேயே வேகும். பதினைந்து நிமிடம் கழித்து உரித்து, வெண்ணெய் தடவி, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்ட எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கொடுத்தால் போதும்.

மீனும் கோழியும்

நடுத்தரச் சூடு வந்துவிட்டதா? இனி மீன். கடற்கரைப் பங்குகளில் வாழ்வோர்க்கு மீன் சுடக் கற்பிக்கத் துணிவது சற்று மிகையே. உள்நாட்டு வாசகர்க்காக எழுதுகின்றோம் என்று அவர்கள் பொறுத்துக் கொள்வார்களாக. கொழுப்புள்ள மீனே சுடுவதற்கு ஏற்றது. சாளை மீனுக்கு உப்பைத் தவிர ஒன்றும் வேண்டாம். கம்பித் தட்டில் பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் போதும். அதன் நெய்யிலேயே அது பொரியும். நெய் சொட்டித் தீ எழுமானால் தண்ணீர் தெளிக்காமல் மீனை நகர்த்துக.

விருந்தாகச் செய்ய விரும்புவோர்க்கு அயிலை, அதாவது கானாங்கெளுத்தி. ஆறு பேருக்கு ஒரு கிலோ கொள்க. சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், கட்டை விரலளவு இஞ்சி, மிளகு இரண்டு தேக்கரண்டி ஆகியவற்றைக் கரகரப்பாக அரைத்து, மிளகாய்த் தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி, இரண்டு எலுமிச்சையின் சாறு, தேங்காய் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி ஆகியவற்றோடு குழைத்துக் கொள்க. மீனின் இருபுறமும் முள் தொடுமளவு மூன்று கீறல் இட்டு, அக்கீறல்களுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் மசாலாவைத் திணித்துப் பூசுக. அரை மணி நேரம் ஊறினால் போதும். இரவு முழுவதும் ஊறவைத்தால் சுவை கூடும் என எண்ணுவர். எலுமிச்சைப் புளிப்பில் மீன்சதை குழைந்து போகுமேயன்றிச் சுவை கூடாது.

வாழையிலையைத் தணலில் இருபுறமும் வாட்டினால் கிழியாமல் மடங்கும். ஒவ்வொரு மீனையும் கறிவேப்பிலையோடு இலையில் வைத்துப் பொட்டலமாக மடித்து, நனைத்த வாழைநாரால் கட்டி, பக்கத்துக்கு எட்டு முதல் பத்து நிமிடம் சுடுக. இலை கருகட்டும், அஞ்ச வேண்டாம். நடுமுள்ளருகே சதை வெளுத்து எளிதாகப் பிரிந்தால் பதம் சரி. இலைக்குப் பதில் அலுமினியத் தாளில் சுற்றுவது இந்நாளில் பெருகியுள்ளது. எலுமிச்சையும் புளியும் உப்பும் அத்தாளை அரிக்குமாதலால், கொல்லையில் வாழை இருக்கும் நாட்டில் அதனை விலை கொடுத்து வாங்குவது வீண் என்போம். இலைப் பொட்டலத்தைப் பிரிக்கும் பொழுது எழுகின்ற மணத்தைத் தாள் தருவதில்லை. உண்பதற்கும் அவ்விலையே தட்டு.

அருளப்பர் எழுதிய நற்செய்தியில் கரித்தணல் இரண்டு இடங்களில் வருகின்றது. தலைமைக் குருவின் முற்றத்தில் இராயப்பர் குளிர் காய்ந்த தணல் ஒன்று. உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருந்த தணல் மற்றொன்று. கிரேக்க மூலத்தில் இரண்டிடத்தும் ஒரே சொல் ஆளப்படுகின்றது. முதல் தணலைப் பற்றிப் பிரசங்கங்கள் பல கேட்டிருப்பீர்கள். இரண்டாம் தணலில் நம் கட்டுரைக்கு வேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரவு முழுதும் உழைத்துக் களைத்தவர்கள் கரையேறிய பொழுது, அவர்களுக்காக வேறொருவர் முன்னரே அடுப்பு மூட்டி உணவைச் சமைத்து வைத்திருந்தார்.

கோழியைப் பற்றி எச்சரிக்கையோடு எழுதுகின்றோம். மேலே சிவந்து உள்ளே வேகாத கோழி மருத்துவமனைக்கு வழிகாட்டும். பழகாதவர்க்கு ஏற்ற எளிய முறை இது. எலும்போடு கூடிய கால் துண்டுகள் ஒரு கிலோவை ஆழமாகக் கீறி, ஒரு கோப்பைத் தயிர், இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள், கரம் மசாலா, உப்பு சேர்த்து இரண்டு மணி நேரம் ஊறவைக்கவும். பிறகு மசாலாவோடு சட்டியில் இட்டு, மூடி, பதினைந்து நிமிடம் சிறு தீயில் வேகவிடவும். முக்கால் பதம் வெந்த துண்டுகளை ஆறவிடாமல் உடனே தணலுக்கு மாற்றி, சட்டியில் எஞ்சிய மசாலாவை நன்கு கொதிக்கவிட்டுச் சுண்டச் செய்து, அதனை வெண்ணெயோடு கலந்து தடவித் தடவி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுட்டால் உள்ளும் வேகும், புறமும் சிவக்கும். எலும்பருகே சற்றேனும் சிவப்பு நீர் தெரியுமானால் மீண்டும் தணலுக்கே செல்லட்டும். பயணத்தில் பச்சை இறைச்சியைப் பனிக்கட்டியின்றி எடுத்துச் செல்லுதல் கூடாது. தங்குமிடத்தில் வாங்கி அன்றே சமைத்து அன்றே உண்க; மிச்சத்தைக் காலைக்கு வைக்க வேண்டாம்.

பிள்ளைகளின் பங்கு

பிள்ளைகளை நெருப்பருகே விடாமல் விரட்டுவதைக் காட்டிலும், ஒரு வேலையைக் கொடுத்து ஒருவர் மேற்பார்வையில் அமர்த்துவது பாதுகாப்பானது. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரௌன்சித் தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களோடு பேடன் பவல் நடத்திய பாசறையிலிருந்து வளர்ந்தது சாரணர் இயக்கம். அவ்வியக்கத்தாரின் பாசறைகளில் வழங்கி வரும் ஒரு ரொட்டியை நம் பிள்ளைகள் மிகவும் விரும்புவர். இரண்டு கோப்பை மைதா அல்லது கோதுமை மாவு, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, உப்பு, சர்க்கரை ஒரு கரண்டி, வெண்ணெய் ஒரு கரண்டி ஆகியவற்றைப் பிசைந்து, விரற்பருமன் கயிறாகத் திரித்து, தோலுரித்த வேப்பங்குச்சியில் அன்று, புளியங்குச்சியில் சுற்றுக. வேம்பு கசக்கும். தணலுக்கு மேலே மெல்லச் சுழற்றிக் கொண்டேயிருந்தால் பத்து நிமிடத்தில் பொன்னிறமாகும். குச்சியிலிருந்து உருவினால் நடுவே துளை. அதனுள் தேனோ பழப்பாகோ ஊற்றிக் கொடுக்கலாம்.

அமெரிக்கச் சிறுமியர் சாரணர் இயக்கத்தின் 1927ஆம் ஆண்டு நூலொன்றில் அச்சேறிய இனிப்பு ஒன்று இன்று நம் நகரத்துப் பிள்ளைகள் நாவிலும் 'ஸ்மோர்' எனப் புரள்கின்றது. மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு மிட்டாயைக் குச்சியில் குத்தித் தணலில் காட்டி, அது பொங்கிப் பழுத்ததும் இரண்டு பிஸ்கட்டுகளுக்கிடையே ஒரு சாக்லேட் துண்டோடு வைத்து அழுத்தினால் அவ்வளவே. செய்து பாருங்கள், சுவை இல்லை என்று சொல்லமாட்டோம். ஆனால் உருகிய சர்க்கரை கொதிநீரினும் கொடியது. வாயில் வைக்குமுன் ஒரு நிமிடம் ஆறவிடுதல் வேண்டும்.

எனினும் நம் ஓட்டு ஏத்தன் பழத்துக்கே. நன்கு கனிந்து தோலில் கறுப்புப் புள்ளி விழுந்த பழத்தை, தோலை உரிக்காமல் ஒரு பக்கம் மட்டும் நீளவாக்கில் கீறி, அப்பிளவில் பொடித்த கருப்பட்டி, தேங்காய்ப் பூ, ஏலப்பொடி, ஒரு சிறு துண்டு வெண்ணெய் ஆகியவற்றைத் திணித்து, கீறிய பக்கம் மேலிருக்குமாறு இளந்தணலில் வைக்கவும். பத்து நிமிடத்தில் தோல் முற்றும் கறுத்து, உள்ளே கருப்பட்டி உருகிப் பழத்தோடு குழையும். தோலே கிண்ணம், ஒரு கரண்டி போதும். பல் விழுந்த பாட்டிக்கும் பல் முளைக்காத பேரனுக்கும் ஒரே பண்டம். குழந்தைக்கு மட்டும் நன்கு ஆறவைத்து, கருப்பட்டி இல்லாத நுனியை மசித்துக் கொடுக்கவும்.

சில எச்சரிக்கைகள்

தணல் எரியும் அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கொண்டு செல்லவே கூடாது. மலைநகர்களில் குளிருக்கு அஞ்சி அவ்வாறு செய்து, உறங்கியவர் எழாமலே போனதுண்டு. கரித்தணலிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. மயக்கம் வருமுன் எச்சரிப்பதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. அணைந்ததுபோல் தோன்றும் தணலும் அதனை வெளியிடும்.

தார்ப்பாய்க்கும் அடுப்புக்கும் இடையே குறைந்தது பத்தடி தூரம் இருக்கட்டும். காற்று வீசும் திசையில் கூடாரம் இருத்தலாகாது. நைலான் சேலையும் தொங்கும் துப்பட்டாவும் அடுப்பருகே ஆகா. ஒரு வாளி நீர் எப்பொழுதும் பக்கத்தில் இருத்தல் வேண்டும். தீப்புண் ஏற்பட்டால் பற்பசையும் மையும் நெய்யும் தடவாமல், இருபது நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் காட்டி, பெரும் புண்ணாயின் உடனே மருத்துவரிடம் செல்க. திருத்தலங்களில் அடுப்பு மூட்டுவதற்கென ஒதுக்கிய இடம் எதுவென்று நிர்வாகத்தாரிடம் கேட்டறிந்து அவ்விடத்திலேயே மூட்டுதல் முறை. மலைக்காட்டிலோ, வனத்துறையின் இசைவின்றித் தீக்குச்சி கூடக் கிழிக்கலாகாது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் அகப்பட்ட மலையேற்றக் குழுவினர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவில்லை. கோடையில் காய்ந்த போதைப்புல் எத்துணை விரைவாகப் பற்றும் என்பதை அம்மலையடிவார மக்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

உண்டு முடித்தபின் தணலை மணலிட்டு மூடிவிட்டுச் செல்வோர் பலர். மூடிய தணல் மணலின் கீழே பல மணி நேரம் கனன்று கொண்டிருக்கும். மறுநாள் விடியலில் வெறுங்காலோடு கடலுக்கு ஓடும் குழந்தைக்கு அது தெரியாது. நீரை ஊற்றி, கம்பால் கிளறி, மீண்டும் ஊற்றி, சீறும் ஓசை அடங்கியபின் புறங்கையை அருகே நீட்டிப் பார்த்துச் சூடில்லை என உறுதி செய்தல் வேண்டும்.

பாத்திரம் தேய்ப்பதும் அன்று சமைத்தவர் பொறுப்பே. அதனைத் தாயின் தலையில் கட்டுவதாயின் இவ்வளவும் எழுதியதற்குப் பயனில்லை. அடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் அடிப்புறத்தில் களிமண்ணையோ சாம்பலையோ நீரில் குழைத்துப் பூசி வைத்திருந்தால், பிடித்த கரி ஒரே கழுவில் போய்விடும். இலைகளை மாட்டுக்குப் போடலாம். முள்ளும் நாரும் கலவாதபடி பார்த்துக் கொள்க. வீட்டுக் கொல்லையாயின், நன்கு ஆறிய சாம்பலை மறுநாள் வாழை மூட்டைச் சுற்றித் தூவி மண்ணைக் கொத்திவிடச் சொல்லுங்கள்.